பெரட்டிலேயே நின்றுவிடும் கணினி

“சுவிட்ச் போட்டா லைட் எரியுது, லோகோ வருது, வட்டம் கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் தானா அடைஞ்சிடுது.”

ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. சொல்லி முடிப்பதற்குள் பல வேளைகளில் தீர்ப்பு வந்துவிடும்: “ஃபார்மட் பண்ணிடலாம்.” இல்லையென்றால், “போர்டு போச்சு, வேற வாங்கிடுங்க.” ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கோளாறைப் பற்றிய பாதித் தடயம் இருக்கிறது. லைட் எரிகிறது என்றால் மின்சாரம் உள்ளே வருகிறது. லோகோ தெரிகிறது என்றால் செயலியும் நினைவகமும் திரையும் அடிப்படை அளவிலாவது வேலை செய்கின்றன. வட்டம் சுற்றுகிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது. கோளாறை அதற்கு அடுத்த கட்டத்தில் தேட வேண்டும்.

துவங்கும்போது விழும் கணினி, எந்தப் படியில் விழுகிறது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும். அந்தப் படியைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஃபார்மட் செய்வது, பணம் செலவழிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

பேராக்கில் இது வெறும் பொழுதுபோக்கு அறிவு அல்ல. சுங்கை சிப்புட், கோப்பெங், கம்பார், பாகான் டத்தோ வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்து, லயத்து வீடுகளிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பாடம் வீட்டுக்கே வந்தபோது, அந்தக் குடும்பங்களில் பல கையில் இருந்ததைப் போட்டு ஒரு கணினி வாங்கின. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளும் அவற்றில் நிறைய. இன்று அவற்றுக்கு வயதாகிவிட்டது. சில ரிங்கிட் பேட்டரியால் நிற்கும் கணினிக்காக ஒரு குடும்பம் இரண்டாயிரம் ரிங்கிட் கடன் வாங்கக்கூடாது.

முதல் அரை நொடி

பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கணினி பாதி விழித்திருக்கிறது. சுவரில் பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளை பெட்டி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு பவர் சப்ளைக்கு ஒரு சைகை தருகிறது. உடனே 12, 5, 3.3 வோல்ட் என மூன்று அளவுகளில் மின்சாரம் எழுகிறது. அவை நிலைபெற்ற பின், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடிக்குள், ‘மின்சாரம் சரி’ என்ற பொருளில் இன்னொரு சைகை போகும். அது வரும்வரை மதர்போர்டு செயலியை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். மின்னழுத்தம் ஆடிக்கொண்டிருக்கும்போது செயலி ஓடினால் தப்புத் தப்பாகக் கணக்கிடும் என்பதுதான் காரணம்.

ஆகவே பொத்தானை அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியாவிட்டால், விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டால், விண்டோஸைக் குறை சொல்ல இடமே இல்லை. விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை.

இந்த முதல் படியை நம் ஊரில் அதிகம் தாக்குவது இடி. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை உலகிலேயே இடி அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்து இடிப்பது பேராக்கில் வழக்கம். மின்னல் வீட்டின்மேல் நேராக விழ வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தில் விழுந்தாலே மின்கம்பியில் சில மைக்ரோ நொடிகளுக்கு மிகப் பெரிய மின்னழுத்தம் கிளம்பும். இடிதாங்கிப் பிளக்கு என்று கடையில் விற்கும் நீள்சட்டத்துக்குள் இருக்கும் சிறு வட்டு அந்த அதிகப்படியை விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது கொஞ்சம் தேயும். ஐந்தாறு ஆண்டு மழைக்காலம் பார்த்த நீள்சட்டத்தில் விளக்கு எரியலாம். காக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் என்பதை அந்த விளக்கு சொல்லாது. வீட்டின் எர்த் கம்பி சரியாக இல்லையென்றால் நீள்சட்டத்தால் முழுமையாகக் காக்கவும் முடியாது.

பலர் மறந்துவிடும் இன்னொரு வழி நெட்வொர்க் கேபிள். செம்புத் தொலைபேசிக் கம்பிவழி இணையம் வந்த காலத்தில் மின்னல் அந்தக் கம்பியிலேயே வீட்டுக்குள் வரும். 2010இல் யூனிஃபை இணையச் சேவை வந்தபின் பரவிய கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ரூட்டருக்கு மின்சாரம் சுவரிலிருந்துதான் வருகிறது. ரூட்டரிலிருந்து கணினிக்குப் போகும் கேபிளும் செம்புதான். இடி இடிக்கும்போது இரண்டையும் கழற்றி வைப்பதுதான் நிச்சயமான பாதுகாப்பு.

பல்லியும் எறும்பும் அடுத்த எதிரிகள். பவர் சப்ளைக்குள் இருக்கும் இளஞ்சூட்டைத் தேடிப் பல்லி நுழைந்து, இரு முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கணினிப் பெட்டியின் பின்பக்கத்துத் திறந்த துளைகளை மூடித் தகடு போட்டாலே இந்தத் தொல்லை குறையும். ஆனால் பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக்கூடாது. அதற்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்கக்கூடியது, ஆளைக் கொல்லும். நல்ல நிலையில் உள்ள இன்னொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

பெரட்டு எடுக்கும் பயாஸ்

மின்சாரம் சரி என்ற சைகை கிடைத்ததும் செயலி விழிக்கிறது. விழித்த கணத்தில் அதற்கு எதுவும் தெரியாது. எவ்வளவு நினைவகம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் எங்கே, திரை உண்டா இல்லையா, எதுவுமே தெரியாது. ஒரே ஒரு முகவரி மட்டும் அதன் பிறவியிலேயே பதிந்திருக்கிறது: 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள இடம். முதல் கட்டளையை அங்கிருந்துதான் எடுக்கும். அந்த முகவரியில் மதர்போர்டின் சிறு சில்லில் எழுதப்பட்ட பயாஸ் என்ற அடிப்படை நிரல் இருக்கிறது. இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

பயாஸ் செய்யும் முதல் வேலை ஆஜர் எடுப்பது. விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, கிராணி பெயர் கூப்பிட, மண்டோர் ஆள் வந்ததைச் சொல்ல, அதன் பிறகே மரம் வெட்டப் போவார்கள் அல்லவா, அது போலத்தான் இதுவும். செயலி, நினைவகம், திரைச்சில்லு, விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் என வரிசையாகக் கூப்பிடும். செயலியோ நினைவகமோ பதில் சொல்லாவிட்டால் அங்கேயே வேலை நின்றுவிடும்.

திரைக்கு முன்பே நினைவகம் சோதிக்கப்படுவதால், நினைவகம் கெட்டிருந்தால் அந்தச் செய்தியைத் திரையில் காட்ட முடியாது. அதனால்தான் பீப் ஒலி வைத்தார்கள். எத்தனை பீப், நீளமா குட்டையா என்பது மதர்போர்டு தயாரிப்பாளருக்குத் தகுந்தாற்போல் மாறும். பெயரைப் பார்த்துக் கையேட்டில் தேடினால் அர்த்தம் கிடைக்கும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் உண்டு: செயலி, நினைவகம், திரை, துவக்க வட்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்த ஆள்தான் பெரட்டுக்கு வரவில்லை.

ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் அதிகம் வராமல் போகிறவர் நினைவகத் தகடு. அதன் விளிம்பில் இருக்கும் பொன்னிறத் தொடுமுனைகளில் பூசியிருப்பது உண்மையான தங்கம்தான். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சு மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஈரம் இறங்கி, அடியில் இருக்கும் நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. சூட்டிலும் குளிர்ச்சியிலும் தகடு நுண்ணளவில் விரிந்து சுருங்கி உராய்வதால் அழுக்கும் சேர்கிறது. கணினியின் பிளக்கைக் கழற்றி, பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, தகட்டை எடுத்துத் தொடுமுனையை மென்மையான வெள்ளை அழிப்பானால் இலேசாகத் துடைத்து, தூளை முழுக்கத் தட்டிவிட்டு மீண்டும் ‘கிளிக்’ ஒலி கேட்கும்வரை செருக வேண்டும். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுத் துவக்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. ‘போர்டு போச்சு’ என்று சொல்லப்பட்ட எத்தனையோ கணினிகள் இதிலேயே எழுந்துவிடும்.

ஒரு பேட்டரியின் கதை

பெரட்டு முடிந்தபின் வரும் கோளாறுகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

அலுவலகத்திலிருந்து வந்த ஏழெட்டு வயது மேசைக்கணினி. ஒரு நாள் மின்தடை. மறுநாள் போட்டால் லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, நீலத்திரை வருகிறது, தானே மறுபடி துவங்குகிறது, மறுபடி நீலத்திரை. திரையின் அடியில் ‘இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ்’ என்று இருக்கிறது. துவக்க வட்டை எட்ட முடியவில்லை என்று பொருள். இதைப் பார்த்ததும் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். புதிய வட்டு வாங்குவார்கள், பழைய வட்டிலிருந்த குழந்தையின் படங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் போனதென்று அழுவார்கள்.

இந்த இடத்தில் பயாஸுக்குள் நுழைந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் காரணம் பிடிபட்டது. மதர்போர்டில் பத்து சென் காசைவிடச் சற்றே பெரிய சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பிளக் கழற்றியிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுவே. பேட்டரி தீர்ந்த பின்னும் சுவர் மின்சாரம் இருக்கும்வரை எதுவும் தெரியாது. மின்தடை வந்த அன்றுதான் அமைப்புகள் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பும்.

அந்த அமைப்புகளில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பது. அலுவலகக் கணினிகள் பலவற்றில் விண்டோஸை ‘ரெய்ட்’ முறையில் நிறுவியிருப்பார்கள். அமைப்பு அழிந்ததும் அது ‘ஏஹெச்சிஐ’ முறைக்கு மாறக்கூடும். விண்டோஸ் தனக்குப் பழகிய முறையின் டிரைவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வட்டைத் தேடுகிறது. வட்டு அங்கேயேதான் இருக்கிறது. பேசும் முறைதான் மாறிவிட்டது. புது பேட்டரி போட்டு, பயாஸில் பழைய முறையைத் திரும்பத் தேர்ந்தெடுத்து, தேதியைச் சரிசெய்தால் கணினி எதுவும் நடக்காதது போல் எழும். ஒரு கோப்புகூடப் போயிருக்காது. இங்கே அவசரப்பட்டு ஃபார்மட் செய்திருந்தால், நலமாக இருந்த வட்டிலிருந்து எல்லாவற்றையும் நாமே அழித்திருப்போம்.

ஒரு முன்னெச்சரிக்கை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் பூட்டோடு வருகிறது. பயாஸில் கைவைத்தால் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கலாம். கணினி நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சூடும் வெள்ளீயமும்

காலையில் துவங்க மறுக்கும் கணினி, நான்கைந்து முறை முயன்றபின் சூடேறி எழும். வேறொன்று காலையில் நன்றாக எழுந்து, பிற்பகல் வெயிலில் துவக்கினால் விழும். இந்த இரண்டும் வெவ்வேறு நோய். எந்த நேரத்தில் விழுகிறது என்பதைக் குறித்து வைத்தாலே பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சூடேறினால் எழுவது பெரும்பாலும் மின்தேக்கி அல்லது பற்றவைப்பின் கோளாறு. செயலிக்கு அருகில் சிறு உருளைகளாக நிற்பவை மின்தேக்கிகள். 65 வாட் எடுக்கும் செயலி 1.2 வோல்ட்டில் ஓடினால் 50 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். துவங்கும் கணத்தில் இந்தத் தேவை மைக்ரோ நொடிகளில் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது மின்தேக்கி. அதற்குள் அலுமினியத் தகடுகளும் திரவ மின்பகுபொருளும் இருக்கின்றன. வாய் ரப்பர் அடைப்பானால் மூடப்பட்டிருக்கிறது. அந்த ரப்பர் நம் மரங்களின் பாலில் செய்ததல்ல, பெரும்பாலும் செயற்கை ரப்பர். காலப்போக்கில் திரவம் ஆவியாகி அதன் வழியே கசிந்து குறையும்.

திரவத்தின் கலவையே கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் அதுதான் நடந்தது. திரவத்திலிருந்த நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்தது. டெல் நிறுவனம் மட்டும் தன் ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இன்றும் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக இருக்கிறதா, பழுப்பு நிறத்தில் கசிந்திருக்கிறதா என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

நல்ல மின்தேக்கிக்கும் நம் வெக்கை பகைதான். பத்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும்; நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 11 ஆண்டு. அதையே 55 டிகிரியில் வைத்தால் 22 ஆண்டு. குளிர்சாதன அறையில் வாழ்ந்த அலுவலகக் கணினி, தகரக் கூரை வீட்டில் சுவரோடு ஒட்டி, தூசி அடைத்த விசிறியோடு ஓடும்போது இழப்பது இந்தப் பத்து டிகிரியைத்தான். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மாதம் ஒரு முறை விசிறியைத் தூரிகையால் துடைப்பது உண்மையிலேயே கணினியின் ஆயுளைக் கூட்டும்.

பற்றவைப்பின் கதை கிந்தா பள்ளத்தாக்கோடு தொடர்புடையது. மின்னணுப் பலகையில் ஒவ்வொரு பாகத்தையும் பிடித்து நிறுத்துவது வெள்ளீயம். கிந்தாவின் ஈய லம்பங்களில் தோண்டியெடுத்த அதே உலோகம். பத்து காஜா அருகே இன்று காட்சிப்பொருளாக நிற்கும் 1938ஆம் ஆண்டின் டிடி5 கப்பல் வாரியெடுத்ததும் அதைத்தான். முன்பு வெள்ளீயத்தோடு காரீயம் கலந்து 183 டிகிரியில் உருக்கிப் பற்றவைத்தார்கள். காரீயம் நஞ்சு என்பதால் 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கட்டுப்படுத்த, உலகத் தொழிற்சாலைகள் பலவும் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு என்ற கலவைக்கு மாறின. உருகுநிலை 217 டிகிரிக்கு ஏறியது. புதிய கலவையின் பழக்கவழக்கம் முழுதாகப் புரியாத தொடக்க ஆண்டுகளில், தினமும் சூடாகிக் குளிரும் சில்லுகளின் அடியில் நுண்ணிய விரிசல்கள் விழுவது பெரும் தலைவலியாக இருந்தது. குளிர்ந்தபோது விரிசல் திறக்கும், சூடானபோது விரிந்து ஒட்டும். அதனால்தான் நான்காவது முயற்சியில் கணினி எழுகிறது.

சூட்டில் விழும் கணினிக்கு மருந்து எளிது. செயலியின் விசிறி சுற்றுகிறதா, செயலிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் பூசிய களிம்பு காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டதா என்று பார்த்தால் போதும்.

ஹார்ட் டிஸ்க்கும் நீலத்திரையும்

பயாஸ் தன் வேலையை முடித்துத் துவக்க வட்டிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. வட்டின் ஒரு சிறு பகுதியில் இருக்கும் துவக்க நிரல் விண்டோஸின் கருவையும் அடிப்படை டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இங்கே நின்றால் ‘துவக்க வட்டு இல்லை’ என்பது போன்ற கறுப்புத்திரைச் செய்தி வரும். செருகி மறந்த பென் டிரைவ் காரணமாக இருக்கலாம்; அதைப் பிடுங்கினால் போதும். வட்டிலிருந்து ‘டக், டக்’ என்று சீரான ஒலி வந்தால் மீண்டும் மீண்டும் துவக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் வட்டின் முகத்தை இன்னும் கீறக்கூடும். முக்கியமான கோப்புகள் இருந்தால் அப்படியே அணைத்து, கோப்பு மீட்பவரிடம் கொண்டுபோவதே நல்லது.

வட்டா, விண்டோஸா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்க வேண்டும். லினக்ஸ் ஒரு மணி நேரம் தடுமாறாமல் ஓடினால் மின்சாரம், செயலி, நினைவகம் மூன்றும் பெரும்பாலும் நலம். கோளாறு வட்டிலோ விண்டோஸிலோதான். பூட்டுப் போடாத வட்டு என்றால் அங்கிருந்தே கோப்புகளை வேறொரு வட்டுக்கு எடுத்துவிடலாம். லினக்ஸும் விழுந்தால் ஃபார்மட் செய்து எந்தப் பயனும் இல்லை என்பது உறுதி.

நீலத்திரையில் வரும் பெயரைப் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட டிரைவரோ கோப்போ காரணம். முறைக்கு ஒரு பெயர் மாறி மாறி வந்தால் நினைவகத்தையும் பவர் சப்ளையையும் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட் என்ற இலவச நிரலை இரவு முழுக்க ஓடவிட்டால், நினைவகத்தில் ஒரு பிழை இருந்தாலும் பெரும்பாலும் சிவப்பில் காட்டிவிடும். விண்டோஸே பாதியில் விழுந்துகொண்டிருந்தால், தொடர்ச்சியாக இரண்டு மூன்று முறை துவங்கத் தவறியதும் பழுதுநீக்கும் திரை தானே திறக்கும். அதில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்தால் மிக அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும். அந்த நிலையில் கணினி எழுந்தால், கடைசியாக நிறுவிய டிரைவரையோ நிரலையோ நீக்கிப் பார்க்கலாம்.

ஒரு கோப்பு எவ்வளவு பெரிய சேதம் செய்யும் என்பதை 2024 ஜூலை 19 உலகுக்கே காட்டியது. மலேசிய நேரம் நண்பகல் 12.09க்கு, நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு நிரல் விற்கும் கிரவுட்ஸ்டிரைக், தன் நிரலுக்கு ஒரு சிறு தரவுக் கோப்பை அனுப்பியது. எண் 291. நிரல் 20 தகவல்களை மட்டுமே கொடுக்கும் இடத்தில் கோப்பு 21ஆவதைக் கேட்டது. இல்லாத 21ஆவதைத் தேடிப் போன நிரல், நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்க முயன்றது. அது விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஓடும் நிரல் என்பதால் கணினி முழுவதும் விழுந்தது. துவங்கும்போதே ஏறும் டிரைவர் என்பதால், திரும்பத் துவக்கியதும் அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தது. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

மலேசியாவில் ஏர் ஏசியா கைமுறையாகப் பயணிகளைப் பதிவுசெய்ய நேர்ந்தது. கேடிஎம் ரயிலின் டிக்கெட் முறையும் தடுமாறியது. ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார். தீர்வு என்னவோ எளிமையானதுதான்: சேஃப் மோடில் துவக்கு, 291 எண் கொண்ட கோப்பை அழி, திரும்பத் துவக்கு. ஆனால் எழாத கணினிக்கு இணையம் வழியே மருந்து அனுப்ப முடியாது. பெரும்பாலான கணினிகளின் முன்னால் ஓர் ஆள் போய் நின்று, கையால் செய்ய வேண்டியிருந்தது. பூட்டுப் போட்ட கணினிகளுக்கு 48 இலக்க எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பல நிறுவனங்களுக்கு நாட்கணக்கில் வேலை இழுத்தது.

பக்கத்தில் நிற்பவரின் அறிவு

துவக்கக் கோளாறின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. மற்றக் கோளாறுகளில் கணினியையே கேட்டுக் காரணம் தெரிந்துகொள்ளலாம், தொலைவிலிருந்து ஒருவர் உள்ளே வந்து சரிசெய்யலாம். துவங்காத கணினிக்குப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணும் காதும் கையும்தான் கருவி. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கே அப்படியென்றால், ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, பழைய தோட்டத்துப் பக்கம் இருக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் அந்த அறிவு இன்னும் அவசியம்.

அந்த அறிவு நமக்குப் புதிதும் அல்ல. 1972இல் ஈப்போவில் தொடங்கிய கார்செம், பின்னர் சிம்பாங் பூலாயில் வந்த யூனிசெம் போன்ற தொழிற்சாலைகள் உலகத்துக்குச் சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்புகின்றன. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறிப் போய், நுண்ணோக்கியில் குனிந்து, குறையுள்ள சில்லைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சோதனை வரிசையின் அடிப்படை விதி அவர்களுக்குத் தெரியும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை, முடிவைப் பார்த்தபின் அடுத்ததைத் தொடு. இரண்டை ஒன்றாக மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், எது காரணம் என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150க்கும் குறைவான மாணவர்களோடு பழைய தோட்டங்களின் ஓரத்தில் நிற்கும் சிறு பள்ளிகள். கழித்துவிட்ட ஒரு மேசைக்கணினியை அங்கே வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். மின்னணுக் கழிவு இந்த நாட்டில் முறையாக அப்புறப்படுத்த வேண்டிய பட்டியலில் இருக்கிறது; அதற்கு அனுப்புமுன் ஓராண்டு பாடமாகப் பயன்பட்டுப் போகட்டும். பவர் சப்ளை பெட்டியை ஆசிரியர் தொடவிடாமல் பார்த்துக்கொண்டால், நினைவகத் தகட்டைக் கழற்றினால் என்ன பீப் வருகிறது, பேட்டரியை எடுத்தால் தேதி எங்கே போகிறது, வட்டைப் பிடுங்கினால் திரையில் என்ன எழுதுகிறது என்று ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு கோளாறையும் வேண்டுமென்றே உண்டாக்கி, அதன் அடையாளத்தைக் குறிப்பேட்டில் எழுதினால், கண்டு, ஊகித்து, சோதித்து, முடிவுக்கு வரும் அறிவியல் முறை முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. அதைக் கற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த முறை கணினி எழாதபோது கடைக்குப் போவதற்கு முன்பே, எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும்.